முன்னாலேயே சொல்லிடுறேன்

அவள் பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் அவள் கோபித்துக்கொண்டிருக்க மாட்டாள். தன்னைப் பற்றிய எதையும் மறைக்கத் தெரியாதவள். எனக்குத்தான் மனசு வரவில்லை. நான் எதையும் கடைசிவரைக்கும் மூடி வைக்கிற ரகம். அவளிடம் நான் தலைகுனிந்து நின்றதெல்லாம் அந்தக் குணத்தால் வந்ததுதான். அவள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குக் காலை ஏழே முக்காலுக்கு ஒரு பஸ். நான் ராஜபாளையத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவளுக்கு அங்கேயே ஒரு பேண்டேஜ் கம்பெனியில் கட்டுத்துணி சுருட்டி பாக்கெட் போடுகிற வேலை. முதல் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், என் மடியிலிருந்த நோட்டுக்கட்டைப் பார்த்தாள். அப்புறம் பையை இறக்கி வைத்ததும் வைக்காததுமாக ஆரம்பித்துவிட்டாள்.

“டீச்சருங்களா? முன்னாலேயே சொல்லிடுறேன். எனக்குச் சுகர் இருக்கு. மாத்திரைச் சுகர் இல்ல, ஊசி போடுற சுகர். எனக்குத் திடீர்னு வேர்த்துக் கொட்டுச்சுன்னா, சம்பந்தமில்லாம பேசுனேன்னா, இந்தப் பையில சிவப்பு மூடி டப்பால சீனி இருக்கு, எடுத்து என் கையில கொட்டுங்க. மயங்கிட்டேன்னா வாயில ஒண்ணும் போடப்படாது, பொறையேறிரும். நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிருங்க. பதறப்படாது, என்ன?”

நான் பதறித்தான் போனேன். விடிந்ததும் விடியாததுமாக இதென்ன வம்பு என்று வேறு சீட்டுக்கு மாறப் பார்த்தேன். பஸ்ஸில் இடமில்லை. எங்கள் சிநேகிதம் அப்படித்தான் ஆரம்பித்தது.

எனக்கு மட்டும் என்று நினைத்தால், இல்லை. கண்டக்டருக்குச் சொல்லியிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மாவுக்கு, ஜெராக்ஸ் கடைக்காரருக்கு, கம்பெனியில் மேஸ்திரிக்கு, வாட்ச்மேனுக்கு, எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். ஆடிப்பூரத் தேரன்று கூட்டத்துக்குள் போவதற்கு முன்னால் கயிறு கட்டி நின்ற போலீஸ்காரரிடம் டப்பாவைத் திறந்து காட்டினாள். அவர் ஏதோ பிரசாதம் தருகிறாள் என்று கையை நீட்டினார்.

ஒருமுறை அவளும் அவள் வீட்டுக்காரரும், நானும் என் வீட்டுக்காரருமாகச் செண்பகத்தோப்புக்குப் போயிருந்தோம். காட்டுக்குள் போகிற இடத்தில் வனத்துறைக்காரர் ஒருவர் எங்களை நிறுத்தி, அங்கே போகாதீர்கள், இங்கே இறங்காதீர்கள் என்று சட்டம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, “சரிங்க சார். இப்பம் நான் சொல்றதைக் கேட்டுக்கிடுங்க” என்று ஆரம்பித்தாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “கரடி வந்தா என்ன செய்யணும்னு நாங்கதான் வாரவுகளுக்குச் சொல்லுவோம். நீங்க எங்களுக்கே சொல்லுதீகளே தாயி” என்றார். அவள் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

அவளுக்குச் சுகர் பதினோரு வயதில் வந்ததாம். அவள் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையில் அடுப்படியில் நின்று கிண்டுகிற வேலை பார்த்தவர். ‘இந்த வயசுல சுகரா? சின்னதுல பால்கோவாவை ரொம்பத் தின்னுட்டியோ’ என்று கேட்காத ஆள் கிடையாது. “கிண்டுனது எங்கப்பா, தின்னது ஊர்க்காரவுக. எனக்கு மட்டும் வந்துருச்சு, என்ன செய்ய?” என்பாள். தின்றதால் வருகிற வியாதி இல்லை இது என்று அப்புறம் பொறுமையாகச் சொல்லுவாள். நானாக இருந்தால் கேட்டவரை ஒரு முறை முறைத்திருப்பேன்.

பெண் பார்க்க வந்தவர்களிடமும் இதே கதைதான். காபித் தட்டைக் கீழே வைத்ததும், “முன்னாலேயே சொல்லிடுறேன்” என்று ஆரம்பித்துவிடுவாளாம். அவள் அப்பா தலையைக் குனிந்துகொள்வாராம். நாலு வீட்டார் காபியைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தான். ஐந்தாவதாக வந்தவர் தேவதானத்துக்காரர். ராஜபாளையத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் வேலை. அவர் ஒன்றுதான் கேட்டார்.

“ஊசி யாரு போடுவா?”

“நானேதான் போட்டுக்கிடுவேன்.”

“ஒரு நாளைக்குக் கை வலிச்சா?”

இதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். “அதுக்கு எங்கிட்ட பதிலு இல்ல டீச்சர். ஒருத்தரும் கேட்டதில்லைல்லா. அதான் சரின்னுட்டேன்.”

மாமியாரிடமும் சொல்லித்தான் கல்யாணம் நடந்தது. பிள்ளை விஷயம் மட்டும் டாக்டரைக் கேட்டுத்தான் செய்வேன் என்று நிச்சயதார்த்தத்தன்றே சொன்னாள். அந்த அம்மாவும் சரி தாயி என்றார். டாக்டர் என்றால் பிள்ளை பெற்றுக்கொள்ளத்தானே சொல்லுவார் என்று நினைத்திருக்கலாம். கல்யாணமாகி ஒரு வருஷம் போனதும் தேங்காயும் முருங்கைக்காயும் கட்டிக்கொண்டு மாதம் ஒருதரம் தேவதானத்திலிருந்து வந்துவிடுவார். “ஒண்ணே ஒண்ணு பெத்து எங்கையில கொடு. பொறவு நீ வேலைக்குப் போ, ஊசி போடு, என்னமும் செய்யி. நான் வளர்க்கேன்.” கொடுமைக்கார மாமியார் இல்லை. ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

அவளுக்கு மட்டும் ஆசை இல்லாமலா இருந்தது? பஸ்ஸில் யார் குழந்தையாக இருந்தாலும் அவள் மடிக்கு வந்துவிடும். எங்கள் பள்ளிக்கூடத்து எல்கேஜி வாண்டுகள் என்னைப் பார்த்தால் ஓடும், அவளைப் பார்த்தால் ஏறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கொடியில் வெள்ளை வெளேரென்று சதுரம் சதுரமாகத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. கம்பெனியில் ஓரம் சரியில்லை என்று ஒதுக்குகிற கட்டுத்துணியை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, நாலு மடிப்பாக மடித்து ஓரம் தைத்திருந்தாள். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உறுத்தும் என்று நம் பக்கத்தில் பழைய வேட்டியைத்தானே கிழித்து வைப்போம். அவள் புதுத்துணியைத் துவைத்துத் துவைத்துப் பழசாக்கிக்கொண்டிருந்தாள்.

“எதுக்குட்டி இம்புட்டு?” என்றேன், தெரியாதவள் மாதிரி.

“துவைக்கத் துவைக்கத்தான் மெத்துன்னு வரும் டீச்சர்” என்றாள். அவளிடம் நான் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் வராதது அந்த ஒரு தடவைதான்.

மதுரையில் ஒரு டாக்டரிடம் போய்வந்துகொண்டிருந்தாள். முதலில் மூன்று மாதச் சராசரிச் சுகரை இறக்கிக் கொண்டு வா, அப்புறம் பேசலாம் என்றுவிட்டார். ஒன்றரை வருஷம் அதற்காக அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. சோற்றை டம்ளரில் அளந்து போட்டுக்கொள்வாள். ஒரு நாளைக்கு ஏழு தடவை விரலில் குத்தி ரத்தம் பார்ப்பாள். ஓடுகிற பஸ்ஸில் குத்தினால் ரத்தம் சேலையில் தெறிக்கும் என்று, கிருஷ்ணன்கோவில் பக்கமிருந்து வருகிற பஸ்ஸுக்காக எங்கள் வண்டி ஸ்டாண்டில் நிற்கிற இரண்டு நிமிஷத்துக்குள் முடித்துவிடுவாள். விரல் நுனியெல்லாம் கறுப்புப் புள்ளி. அந்த விரல்களோடு போய் நாள் முழுக்கப் பேண்டேஜ் சுருட்டுவாள்.

சுகர் இறங்கியது. டாக்டரே ஆச்சரியப்பட்டாராம். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தாள். அதற்கடுத்த மாதம் கண்ணையும் கிட்னியையும் பார்த்தார்கள். கண் பரவாயில்லை. சிறுநீரில் புரதம் போகிறது என்று வந்துவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் சொன்னாள்.

“பெத்துக்கிடக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன்னுட்டாரு. நல்லபடியாவும் நடக்கலாமாம். ஆனா கிட்னி இன்னும் மோசமாகலாம், அதையும் தெரிஞ்சுக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்கன்னாரு.”

“பிள்ளைக்கு வருமாமா?”

“பெரும்பாலும் வராதாம். எழுதிக் கொடுக்க முடியாதுன்னாரு.” பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். “எங்க வீட்டுக்காரவுக உன் இஷ்டம்னுட்டாக. நீ உசுரோட இருந்தாப் போதும்ங்காக. கிட்னி போனாலும் பரவால்ல டீச்சர், அது என் பாடு. எனக்கு வேற ஒண்ணுதான் ஓடிக்கிட்டே இருக்கு. நான் எல்லாருக்கும் முன்னாலேயே சொல்லிருவேன்ல? பொண்ணு பார்க்க வந்தவுகளுக்குச் சொன்னேன். பிடிக்காதவுக எந்திரிச்சுப் போனாக. அதுக்கு எப்படிச் சொல்ல? ஏ பிள்ளை, உங்கம்மாவுக்கு இப்படி இருக்கு, உனக்கும் வரலாம், நீ பத்து வயசு ஆகுறதுக்குள்ள நான் இல்லாமயும் போயிரலாம், சம்மதம்னா வான்னு கேட்க முடியுமா? சொல்லாம எப்படிக் கூட்டிட்டு வர?”

நான் ஒரு முட்டாள்தனமான பதிலைச் சொன்னேன். “எல்லாரும் என்ன கேட்டுட்டா பெத்துக்கிடுறாக?”

“அவுகளுக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. எனக்கு இருக்கே” என்றாள்.

இதில் வயிற்றெரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. அவள் அதைச் சொன்ன அன்றைக்கு எனக்கு நாள் தள்ளி ஐம்பது நாள் ஆகியிருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை, ஒரு டாக்டரைக் கேட்கவில்லை. அது பாட்டுக்கு வந்து நின்றது. மூன்று மாதம் முடிகிறவரை வெளியே வாய் திறக்கக் கூடாது, கண் பட்டுவிடும் என்று என் மாமியார் சொல்லியிருந்தார். “அதுலயும் உன் பஸ் சிநேகிதிகிட்ட மூச்சுவிடாத. அந்தப் பிள்ளை ஏக்கமாப் பார்க்கும்” என்றார். நானும் சரியென்று தலையாட்டினேன்.

மூன்று மாதம் முடிந்தது. நான் சொல்லவில்லை. அவள் மனசு கஷ்டப்படும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பஸ்ஸில் குமட்டினால் பித்தம் என்பேன். அவள் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். தினமும் பையில் எலுமிச்சம்பழம் இருக்கிறதே, ஏன் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஐந்தாம் மாதம் ஒரு நாள் அவள் தன் ஜன்னலோர சீட்டிலிருந்து எழுந்துகொண்டாள். “நீங்க இங்கன உக்காருங்க டீச்சர், காத்து வரும்” என்றாள். நான் உட்கார்ந்ததும், என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “முன்னாலேயே சொல்லியிருக்கலாம். நான் என்ன, அன்னியமா?”

பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அதற்கப்புறமாவது எனக்குப் புத்தி வந்ததா என்றால் அதுவும் இல்லை. ஏழாம் மாதம் வளைகாப்பு. யார் யாரைக் கூப்பிடுவது என்று மாமியார் வாயால் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவள் பேர் வரவில்லை. “கூப்பிட்டா வந்து நின்னு சங்கடப்படும்லா” என்றார் மாமியார். கூப்பிடாமல் விடுவதற்கு நம் ஊரில் எல்லோரும் சொல்கிற காரணம் அதுதான். என் கையில்தான் பேனா இருந்தது. நான் எழுதவில்லை.

வளைகாப்பு முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடாமலே அவள் வந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை. முன்னறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் எழுந்து வாசலை மறைத்த மாதிரி நின்றார்.

“முன்னாலேயே சொல்லிடுறேன்மா” என்றாள் அவள். “வளையல் போட வரல. டீச்சர்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு, ஒண்ணு கொடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். செத்த நேரந்தான்.”

என் மாமியாரைப் பேச்சில் மடக்கியவர்கள் அதுவரை யாரும் கிடையாது. ஒதுங்கி வழிவிட்டார்.

உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். “வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம் டீச்சர். நேத்துத் தேவதானத்துக்குப் போயி மாமியார்கிட்டயும் சொல்லியாச்சு. அழுதாக. பொறவு அவுகளே சோறு போட்டாக.” பையிலிருந்து அந்த வெள்ளைத் துணிகளை எடுத்தாள். இருபதுக்கு மேல் இருக்கும். இஸ்திரி போட்ட மாதிரி அடுக்கியிருந்தாள். என் மடியில் வைத்தாள். கையை வைத்தால் கை புதைந்தது. எத்தனை தடவை துவைத்தாளோ.

நான் அழ ஆரம்பித்தேன். அவள் அழவில்லை. “பதறப்படாது” என்றாள். அப்புறம், “நான் அதுகிட்ட ஒண்ணு பேசட்டுமா?” என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. என் வயிற்றைக் காட்டினாள்.

தரையில் மண்டியிட்டு, வயிற்றுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டு வந்தாள். குழந்தையிடம் கொஞ்சுகிற குரலில் இல்லை. பஸ்ஸில் முதல் நாள் என்னிடம் பேசினாளே, அதே குரலில் பேசினாள்.

“ஏட்டி, நீ ஏட்டியா ஏலேயான்னு தெரியல. யாராயிருந்தாலும் முன்னாலேயே சொல்லிடுறேன். நான் உங்க சித்தி. எனக்குச் சுகர் இருக்கு. எனக்கு வேர்த்துக் கொட்டுச்சுன்னா, சம்பந்தமில்லாம பேசுனேன்னா, பையில சிவப்பு மூடி டப்பா இருக்கும். சீனியை எடுத்து என் கையில கொட்டணும். பதறப்படாது, என்ன?”

வாசலில் என் மாமியார் கீரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். போகும்போது அவளுக்குக் குங்குமம் கொடுத்து அனுப்பினார். வளைகாப்பில் மிஞ்சிய கண்ணாடி வளையலில் ஒரு டஜனை அவரே அவள் கையில் போட்டுவிட்டார்.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் துணிகளில்தான் கிடந்தது. வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை வருவாள். வந்ததும் குழந்தையிடம் டப்பாவைக் காட்டி அதே பாட்டைப் பாடிவிட்டுத்தான் மற்ற பேச்சு. தவழும்போது சொன்னாள், நடக்கும்போது சொன்னாள். ‘இது என்ன, அது காதில் ஏறவா போகிறது’ என்று நான் கேலி செய்வேன்.

பிள்ளை பெற்றால் கிட்னி போய்விடும் என்றுதான் பயந்தார்கள் எல்லோரும். அவள் பெற்றுக்கொள்ளவில்லை. கிட்னி அப்படியும் போனது. “நான் முன்னாலேயே சொன்னேன், அது கேட்கல டீச்சர்” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்தூக்கம் போய், கால் வீங்கி, வேலையை விட்டாள். வாரத்துக்கு இரண்டு நாள் மதுரைக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்தாள். வீட்டுக்காரர்தான் கூடவே போய்வந்தார். அவள் கைக்கு வலு இல்லாத நாட்களில் ஊசியும் அவர்தான் போட்டார். அவ்வளவு முடியாமலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை.

கிட்னி கெட்ட பிறகு ஊசி மருந்து உடம்பிலேயே தங்கிவிடுமாம். அதனால் சுகர் நினைக்காத நேரத்தில் சட்டென்று இறங்கிவிடும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். அவளைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு நான் மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. இறங்கி வரும்போது குழந்தையின் குரல் கேட்டது.

“பதறப்படாது சித்தி. பதறப்படாது, என்ன?”

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது, கண் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது, பஸ் இன்னும் வரல, பஸ் இன்னும் வரல என்று உதடு முணுமுணுத்தது. நாலு வயதுகூட நிறையாத என் மகள் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிவப்பு மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் டப்பாவைப் பிடித்து அவள் உள்ளங்கையில் சீனியைக் கொட்டிக்கொண்டிருந்தாள். பாதி தரையில் சிந்தியிருந்தது. அவள் கையை நானே பிடித்து வாய்க்குக் கொண்டுபோனேன். நக்கி நக்கித் தின்றாள். கொஞ்சம் தண்ணீர் கொடுத்தேன்.

கால் மணி நேரத்தில் கண் நிலைக்கு வந்தது. சிந்திய சீனியைப் பார்த்தாள், திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தாள். குழந்தை அதற்குள் தன் விளையாட்டுச் சாமானுக்குப் போய்விட்டது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வயித்துல இருக்கையில சொன்னது டீச்சர்” என்றாள். “கேட்டிருக்கா பாருங்க.”

“வாரம் தவறாமச் சொன்னா கேட்காம என்ன செய்வா?” என்றேன், அவளைச் சிரிக்கவைக்க.

அவள் சிரிக்கவில்லை. அத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கண்ணீர் அது பாட்டுக்கு இறங்கியது, அவள் துடைக்கவில்லை. உள்ளங்கையில் ஒட்டியிருந்த சீனியை விரலால் ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்:

“அப்பம் என் பிள்ளைகிட்டயும் சொல்லியிருக்கலாம் போல, டீச்சர். அதுவும் கேட்டிருக்கும்.”